அந்திரசைற்று என்று நான் சொன்ன கரி

காலை ஏழு மணி. சுவை பார்க்கும் மேசையில் பன்னிரண்டு வெள்ளைக் கோப்பைகள். முதல் நாள் காயவைத்த தேயிலையை அளவாக நிறுத்துப் போட்டு, கொதிநீர் ஊற்றி, ஆறு நிமிடம் மூடிவைத்து வடித்தாயிற்று. முதல் கோப்பையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, 'சுர்ர்' என்று உறிஞ்சி, நாக்கின் மேல் உருட்டினேன்.

தார்!

ரோட்டுக்குப் போடத் தார் உருக்குவார்களே, அந்தப் பீப்பாய்க்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்ற மாதிரி இருந்தது. துப்பினேன். இரண்டாவது கோப்பை, மூன்றாவது கோப்பை, பன்னிரண்டும் அப்படியே. ஒரு நாள் கொழுந்து முழுவதும் நாசம்.

என் நாக்கைப் பற்றி நானே பெருமை பேசக் கூடாது. பேசத்தான் போகிறேன். தலைக்குப் பூ வைக்காமல், முகத்துக்குப் பவுடர் போடாமல், வேலை நாளில் பச்சை வெங்காயம் தின்னாமல் இருபது வருஷம் காப்பாற்றிய நாக்கு இது. சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்கே பூ இல்லாத தலையாய்ப் போய், "என்னடி இவ, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி" என்று பேச்சு வாங்கியவள் நான். மறுநாள் தேயிலைச் சாயம் சுவைத்துப் பார்க்க வேண்டியிருந்தது, என்ன செய்ய?

சரி, கதைக்கு வருகிறேன். ஜன்னலால் எட்டிப் பார்த்தால், அடுப்படிக்கு வெளியே சவரி அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சவரிமுத்து எங்கள் அடுப்புக்காரர். ஸ்டோரின் நெருப்பு முழுவதும் அவர் கையில்தான். தோட்டத்து ஆட்கள் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கண்கள் இரண்டும் சிவந்து, கால் ஒரு பக்கம் இழுக்க, அண்ணன் இரண்டு எட்டு வைத்தார். உட்கார்ந்தார். வாந்தி எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தானா தோட்ட மேனேஜர் பெரியதுரையின் ஜீப் வந்து நிற்க வேண்டும்?

"என்ன சவரி, காலையிலேயே போட்டாச்சா?"

துரை நன்றாகவே தமிழ் பேசுவார். தொழிலாளிகளுக்கென்று அவர் கற்றுக்கொண்ட தமிழில் 'நீ', 'வா', 'போ' தவிர வேறு மரியாதை கிடையாது, அவ்வளவுதான்.

"இல்லைங்க தொரை. தலை சுத்துது."

"சுத்தும், சுத்தும். சுத்தாம என்ன செய்யும்?"

சுற்றி நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் வாயைத் திறக்கவும் இல்லை. வாய்க்குள் தார் இருந்தது என்று சாக்குச் சொல்லலாம். அது பொய். உண்மை என்னவென்று இந்த வாரம் எழுதியே ஆக வேண்டும்.

வரிசைக் காலம்

எல்லாரும் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்றோமே, அந்த வருஷம். கண்டியில் காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டு, ஆள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம். வரிசை ஓர் அடி நகர்ந்திருக்காது.

எங்கள் தோட்டம் வத்தேகமவுக்கு மேலே இருந்தது. கொழுந்து மட்டும் வரிசையில் நிற்கவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது, அது பாட்டுக்குத் துளிர்த்துக்கொண்டே இருந்தது. பறித்ததை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, காயவைத்தே ஆக வேண்டும். காயவைக்க நெருப்பு வேண்டும், நெருப்புக்கு விறகு வேண்டும். விறகு கீழே றப்பர்த் தோட்டங்களிலிருந்து லொறியில் வரும். லொறிக்கு டீசல் இல்லை.

"எங்கயாவது எதையாவது தேடுங்க மிஸ்" என்றார் துரை. பழைய டீமேக்கர் ஓய்வு பெற்றுப் போய், நான் அந்த வேலையைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. டீமேக்கர் என்றால் ஸ்டோருக்குப் பொறுப்பான ஆள். எங்கள் பக்கத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் அந்தக் கதிரையில் உட்கார்ந்ததில்லை. என் பெயரை நிரந்தரமாகப் போடும் கடிதம் கொழும்பிலிருந்து வந்து, துரையின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதை நான் கண்ணால் கண்டிருந்தேன். இரண்டு கிழமையாகத் தரையில் கால் படாமல்தான் நடந்தேன்.

அப்போதுதான் அக்குறணை நஸீர் நானாவின் தகவல் கிடைத்தது. பழைய இரும்பும் பழைய இயந்திரமும் வாங்கி விற்பவர். அவருடைய கிடங்கில் ஒரு லொறி நிலக்கரி கிடக்கிறதாம். ஒரே ஓட்டத்துக்கு மட்டும் டீசல் எப்படியாவது தேடிவிடலாம்.

நிலக்கரியா! நான் துள்ளிக் குதித்தேன். கரியைப் பற்றி எனக்குத் தெரியாதா?

சித்தப்பாவின் பொட்டலம்

தெரியும் என்றுதான் நினைத்தேன். அதற்கு இரண்டு காரணம் இருந்தது.

ஒன்று, பள்ளிக்கூடத்துப் பூமிசாத்திரப் பாடம். கண்டியில் நான் படித்த கன்னியாஸ்திரிகள் பள்ளியில் அந்தப் பாடத்துக்கு எப்போதும் நான்தான் முதல். இப்போதும் எழுப்பிக் கேட்டால் ஒப்பிப்பேன். கோடி கோடி வருஷங்களுக்கு முன்பு, மனிதன் என்ன, பூவே இல்லாத காலத்தில், சதுப்பு நிலங்களில் பனை உயரத்துக்குப் பன்னங்கள் என்ற பெரணிச் செடிகள் வளர்ந்தன. விழுந்தவை தண்ணீருக்குள் அமிழ்ந்தன. காற்றுப் படாததால் முழுதாக உக்கவில்லை. கறுத்த சேறாகத் தேங்கின. அதுதான் முற்றா நிலக்கரி. காயவைத்தால் எரியும், ஆனால் பாதி புகை, பாதி தண்ணீர். கொழும்புக்கு வடக்கே இருக்கும் சதுப்பு நிலத்தை வெட்டினால் இன்றைக்கும் அதைக் காணலாம்.

அதன் மேல் மண்ணும் மணலும் விழுந்து விழுந்து அமுக்க, பூமியின் சூடும் சேர, உள்ளே இருந்த தண்ணீரும் வாயுவும் மெல்ல வெளியேறும். கரிச் சத்து மட்டும் கூடிக்கொண்டே போகும். முதலில் பழுப்பு நிலக்கரி. இன்னும் அமுங்கினால் பிற்றுமின் நிலக்கரி. உலகத்தில் மின்சாரத்துக்கும் இரும்புக்கும் எரிப்பது பெரும்பாலும் இதைத்தான். கடைசியில் அந்திரசைற்று. கல்லாய் இறுகியது. பற்றவைப்பது கஷ்டம், பற்றிக்கொண்டால் புகையே இல்லாமல் நீலமாய் எரியும்.

நம் கண்டிக்குக் கீழே இது ஏன் இல்லை என்று ஒரு முறை கேட்டு, சிஸ்டரிடம் "நல்ல கேள்வி" வாங்கியிருக்கிறேன். நம்முடைய பாறை, காடுகள் தோன்றுவதற்கு முந்திய பாறை. பூமிக்குள் வெந்து வெந்து இறுகியது. அதில் கிடைப்பது பென்சிலுக்குள் வைக்கும் காரீயம். அதைக் குருநாகல் பக்கம் சுரங்கம் வைத்துத் தோண்டுகிறார்கள். எரிக்கிற கரி வேண்டுமென்றால் கப்பலில்தான் வர வேண்டும். நாவலப்பிட்டியிலிருந்து மலையேறிய கரிக்கோச்சிகள், அதாவது நீராவி ரயில்கள், எரித்ததும் கப்பலில் வந்த கரிதான்.

இரண்டாவது காரணம், என் சித்தப்பா. இரண்டு நாட்டு ஒப்பந்தத்தில் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பினார்களே, அந்தக் கூட்டத்தோடு போனவர். அங்கே கடலூர்ப் பக்கம் ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. சுரங்கம் என்றால் பொந்து என்று நினைத்திருந்தோம். அது பொந்து இல்லையாம். கண்டி வாவியைப் போலப் பல மடங்கு பெரிய பள்ளமாம். வட்டச் சக்கரத்தில் வாளிகள் கட்டிய இயந்திரம் மண்ணைச் சுரண்டிக்கொண்டே போகுமாம். கீழிருந்து ஊற்று பொங்குமாம். இரவு பகலாகப் பம்ப் வைத்து இறைக்காவிட்டால் கரியும் இல்லை, ஆளும் இல்லை.

ஒரு முறை வந்தபோது ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பேப்பரைப் பிரித்தால் பழுப்பு நிறத்தில் ஒரு துண்டு. அதில் மரத்தின் ரேகை அப்படியே தெரிந்தது. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "இது வெறும் உளுத்த கட்டை, இதுக்குப் போயி கப்பலேறி வந்தியா?" என்றார். சித்தப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது.

அவர்தான் ஆழச் சுரங்கங்களைப் பற்றியும் சொன்னார். அவருடைய மேஸ்திரி வடக்கே அப்படி ஒன்றில் இருந்தவராம். இறங்கும்போது ஆளுக்கு ஒரு பித்தளை வில்லை கொடுப்பார்கள். ஏறும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். சாயந்தரம் பலகையில் ஒரு வில்லை குறைந்தால் ஊரே வாசலில் வந்து நிற்கும்.

"கூரை விழுறத விட மோசமானது காத்து" என்றார் சித்தப்பா. "கரி சரியா எரியாட்டி ஒரு வாயு வரும். மணம் இல்ல, நெறம் இல்ல. தலை இடிக்கும், வாந்தி வரும், கால் தள்ளாடும். குடிச்சவன் மாதிரியே இருப்பான். குடிச்சவன்னு நெனச்சு விட்டுட்டா செத்துருவான்."

இதை எனக்குச் சொல்லியிருந்தார். பதினான்கு வயதிலேயே எனக்கு இது தெரியும். வாசகர் இதைக் கவனமாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், என்னை மன்னிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவும்.

அக்குறணையில்

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து கடைகள் திறந்த நேரம். நானும் சவரி அண்ணனும் போனோம். நஸீர் நானா கிடங்குக் கதவைத் திறந்துவிட்டார்.

"மிஸ், இது எனத்த ஜாதிக் கரியெண்டு எனக்குச் செல்லத் தெரியா. இரும்புப் பட்டறயொண்டு மூடின நேரம் எடுத்துப் போட்டது. பொய் செல்லி விக்கிற பழக்கம் எங்கள்ட இல்ல. நீங்களே பாத்துட்டுச் செல்லுங்க."

எவ்வளவு நேர்மையான மனிதர்! அதைக் கேட்டாவது நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. ஒரு பக்கம் பளபளவென்று மின்னியது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

இங்கேதான் நான் விட்ட பிழை. கரி தெரிந்தவன் எவனும் இதை விடமாட்டான். தேயிலைக்காரிதான் விடுவாள். இருபது வருஷமாக நான் பார்த்ததெல்லாம் தேயிலை. காய்ந்த தேயிலையைத் தட்டில் பரப்பினால் முதலில் பார்ப்பது நிறத்தை. கறுப்பாக இருக்க வேண்டும், மேலே ஒரு மினுமினுப்பு இருக்க வேண்டும். சாம்பல் பூத்தால் மட்டம், மின்னினால் உயர்தரம். என் கண் அதற்கே பழகிப்போயிருந்தது. கரியையும் தேயிலையைப் பார்ப்பதைப் போலவே பார்த்தேன், தேயிலைக்குத் தரம் சொல்வதைப் போலவே சொன்னேன்.

"அந்திரசைற்று! முதல் தரம்!"

சவரி அண்ணன் இன்னொரு துண்டை எடுத்தார். விரலால் தேய்த்தார். விரலைத் தன் வெள்ளைச் சட்டையில் துடைத்தார். சட்டையில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

"மிஸ், இது கையில ஒட்டுது. இங்க பாருங்க, கோடு கோடா இருக்கு. ஒரு கோடு மின்னுது, ஒரு கோடு மங்கலா இருக்கு. நாவலப்பிட்டியில எங்க மாமா கரிக்கோச்சியில வேல செஞ்சவரு. இப்புடி இருக்கிற கரி பொகை கக்கும்னு சொல்லுவாரு. நம்ம அடுப்பு வெறகு அடுப்பு. தாங்குமா?"

"சவரிண்ணே, நீங்க கரிய எங்க பாத்தீங்க? நான் படிச்சவ."

சொன்னேன். 'நான் படிச்சவ' என்று, நஸீர் நானாவுக்கு முன்னாலேயே சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அவர் சொன்னது அத்தனையும் சரி. நல்ல அந்திரசைற்று கையில் ஒட்டாது. கோடு கோடாய் இருப்பது பிற்றுமின் நிலக்கரி. தார்ச் சத்தும் வாயுவும் இன்னும் அதற்குள் அடைந்து கிடக்கும். கொல்லன் பட்டறைக்கு நல்லது, அதற்கென்று போட்ட அடுப்புக்கு நல்லது. தேயிலை காயவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில்கூட வரக் கூடாது. பாடப் புத்தகத்தில் இது முழுவதும் இருந்தது. ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு அதைக் கண்ணெதிரே பார்க்கத் தெரியவில்லை.

"மிஸ் சொன்னா சரி" என்று துண்டைக் கீழே போட்டார் சவரி அண்ணன்.

அடுப்புக்குள் நடந்தது

எங்கள் அடுப்பில் நெருப்பின் புகை இரும்புக் குழாய்களுக்குள் போய்ப் புகைபோக்கியால் வெளியேறும். குழாய்களைச் சுற்றி ஓடும் சுத்தமான காற்று சூடாகும். அந்தச் சூட்டுக் காற்றை மின்விசிறி இழுத்துத் தேயிலைக்குக் கொடுக்கும். புகையும் காற்றும் ஒரு போதும் சந்திக்கக் கூடாது. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள்தான் அவர்கள்.

நிலக்கரியின் சூடு விறகின் சூட்டைவிட அதிகம். திங்கட்கிழமை பற்றவைத்ததும் பழைய குழாய்களின் மூட்டு ஒன்று வெடித்திருக்கிறது. அதன் வழியே தார்ப்புகை சூட்டுக் காற்றோடு கலந்து, நேரே தேயிலைக்குள் போயிற்று. தேயிலையைத்தான் தெரியுமே, பக்கத்தில் சவர்க்காரம் வைத்தால் சவர்க்கார மணத்தை வாங்கிக்கொள்ளும் சாமான். இது போதாதென்று, கரிப்புகையின் பிசின் மற்றக் குழாய்களை அடைத்துவிட்டது. இழுவை நின்று, எரியாத வாயு அடுப்பு வாயால் திரும்பி, குனிந்து கரி போட்டுக்கொண்டிருந்த சவரி அண்ணனின் முகத்தில் அடித்திருக்கிறது. செவ்வாய் விடியற்காலை வேலைக்கு வந்தவர், ஏழு மணிவரை அதைத்தான் சுவாசித்தார்.

மணம் இல்லாத அந்த வாயு. குடித்தவன் மாதிரியே இருப்பான் என்று சித்தப்பா சொன்ன அதே வாயு. ஜன்னலால் பார்த்த அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது.

ஒன்றை மட்டும் உடனே செய்தேன். கீழே ஓடிப்போய், அடுப்பிலிருந்த கரி முழுவதையும் இழுத்து வெளியே போடச் சொன்னேன். சவரி அண்ணனைக் காற்றோட்டமான இடத்தில் படுக்கவைத்தேன். மத்தியானம் அவர் தெளிந்துவிட்டார். உயிருக்கு ஒன்றுமில்லை, கடவுள் புண்ணியம்.

அவருடைய பெயருக்குத்தான் ஆபத்து வந்தது.

இரண்டு நாள்

"அடுப்புக்காரன் குடிச்சுட்டு விழுந்து கெடந்தா தேயிலையில பொகை வராம என்ன வரும்?" என்றார் துரை. விசாரணை வியாழக்கிழமை. அதுவரை சவரி ஸ்டோருக்குள் கால் வைக்கக் கூடாது. குற்றம் நிரூபணமானால் அடுப்பு வேலை போய்விடும், மலையில் புல் வெட்ட வேண்டியதுதான்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மிஸ், ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. சவரி குடிச்சிருந்தான், நீங்க கண்டீங்க. கரியில பிழை இல்ல. கரியில பிழைன்னா யார் எடுத்ததுன்னு கொழும்புல கேப்பாங்க, வெளங்குதா? உங்க கடிதத்துல நான் இன்னும் கையெழுத்து வைக்கல்ல."

"பாக்கிறேன் சேர்" என்றேன்.

பாக்கிறேனாம்! என்னத்தைப் பார்க்க இருந்தது? அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கதிரை வேண்டியிருந்தது. ஆசை. வேறு அழகான சொல் எதுவும் இதற்குக் கிடையாது. கடுதாசியை எழுதவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எழுதவில்லையே, அதனால் நான் யோக்கியந்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு செவ்வாயும் புதனும் நடமாடினேன்.

சவரி அண்ணனுக்கு ஒரு பழைய கதை உண்டு. ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். மூத்த பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது மாதா கோயிலில் நேர்த்தி வைத்துக் குடியை விட்டார். நாலு வருஷம் ஒரு சொட்டுத் தொடவில்லை. அவர் மனைவி ரெஜினா எங்கள் மலையில் கொழுந்து பறிப்பவள். "என் புருசன் விட்டுட்டாரு" என்பதை ஏதோ பரிசு கிடைத்த மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிவாள்.

புதன்கிழமை ரெஜினாவை வழியில் கண்டேன். கண் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் குடித்துவிட்டு ஸ்டோர் தேயிலையைக் கெடுத்துவிட்டான் என்று, டீமேக்கரம்மாவிடம் வெட்கம்! நான் அல்லவா அவளிடம் வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

விசாரணை

வியாழன் காலை பத்து மணி. துரையின் ஆபீஸ். துரை, சவரி அண்ணன், நான். மூன்றே பேர்.

"என்ன சவரி, நீ குடிச்சது தானே? ஒத்துக்கிட்டா ஒரு மாசத்துல திரும்ப எடுக்கிறேன்."

"இல்லைங்க தொரை. மாதா மேல சத்தியமா குடிக்கல."

"அப்ப கண்ணு ஏன் செவந்திச்சி? கால் ஏன் தள்ளாடிச்சி?"

"தெரியலைங்க."

அவருக்குத் தெரியாது, அதுதான் கொடுமை. தனக்கு என்ன நடந்ததென்று அந்த மனிதருக்கே தெரியவில்லை. அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் நான். தரையைப் பார்த்துக்கொண்டு, தன்னைத் தானே சந்தேகப்படுகிறவரைப் போல அவர் நின்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"சேர், அவர் குடிக்கல" என்றேன். ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. கரி என்ன கரி, அதற்குள் என்ன இருக்கிறது, குழாய் எப்படி வெடித்தது, அந்த வாயு ஆளை என்ன செய்யும் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்ததைப் போல அல்ல, சண்டை பிடிப்பதைப் போலச் சொன்னேன். "அக்குறணையிலேயே இவர் வேண்டாம்னு சொன்னார். நான் கேக்கல. கரியத் தெரிஞ்செடுத்தது நான். பிழை என்னோடது. சவரி அண்ணனோடது ஒண்ணுமில்ல. வேணும்னா இதை எழுதித் தாறேன்."

"மிஸ், யோசிச்சுப் பேசுங்க."

"ரெண்டு நாள் யோசிச்சுட்டேன் சேர். யோசிச்சதுதான் தப்பு."

துரை மேசை மேலிருந்த கொழும்புக் கடிதத்தை எடுத்து, லாச்சியைத் திறந்து உள்ளே போட்டார். லாச்சி மூடியது. அடுத்த மாதம் பதுளைப் பக்கமிருந்து ஒரு ஆண் டீமேக்கர் வந்து சேர்ந்தார். எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நன்றாக வலித்தது.

"சவரி, நீ வேலைக்குப் போ" என்றார் துரை. மன்னிப்பு என்ற சொல் அவருடைய தமிழில் இருக்கவில்லை.

வெளியே வந்ததும் சவரி அண்ணனிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், "சவரிண்ணே, என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"வேல கெடச்சிருச்சு மிஸ். ஆபீசுக்குள்ள சொன்னீங்க, பெரிய காரியம். ஆனா லயத்து வீடுகள்ல யாரு சொல்லுவா? ரெண்டு நாளா ரெஜினா எங்கூடப் பேசல."

சொல்லிவிட்டு நேரே அடுப்படிக்குப் போனார்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில்

மத்தியான நிறுவைக்குச் சங்கு ஊதியது. ஸ்டோருக்குக் கீழே, கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாற்பது ஐம்பது பெண்கள் சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள். டீமேக்கர் அங்கே இறங்கிப் போகிற வழக்கம் கிடையாது. நான் போனதும் பேச்சு நின்றது.

"ரெஜினா!" என்று கூப்பிட்டேன். எல்லாருக்கும் கேட்கத்தான் கத்தினேன். "சவரி அண்ணன் குடிக்கல. ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல. கரியில இருந்து வந்த நச்சுக் காத்து அவரை அடிச்சுப் போட்டுருச்சு. அந்தக் கரிய வாங்கினது நான். அவரு வேணாம்னு சொல்லியும் நான்தான் வாங்கினேன். இது எனக்கு செவ்வாய்க்கிழமையே தெரியும்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்வதென்று முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தேன். ரெஜினா என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை.

"மாதா படத்து மேல கைய வச்சு சத்தியம் பண்ணாரு மிஸ்" என்றாள். "அந்தக் கைய நான் தட்டி விட்டுட்டேன்."

கணக்கப்பிள்ளை அவளுடைய பெயரை வாசித்தார். இரண்டாவது முறையும் வாசித்தார். ரெஜினா முதுகிலிருந்த சாக்கை என் காலடியில் இறக்கிவிட்டு, அடுப்படிப் பக்கமாக மேட்டில் ஏறி ஓடினாள்.

மூன்றாவது முறை பெயர் வாசிக்கப்பட்டபோது, அந்தச் சாக்கை நான் தூக்கிக்கொண்டு போய்த் தராசில் வைத்தேன்.